காகத்துக்கு அடித்தவன்

அந்த அணியின் முதல் வருடக் கதையை யாராவது எழுதினால் என் நண்பனைப் பற்றித்தான் எழுதுவார்கள். அதனால் நானே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், புலம்பெயர்ந்து வந்த புதிதில், மல்வேர்னில் இருவரும் ஒரே அறையில் இருந்தோம். கட்டடத்தின் லோண்டரி அறையில் ஒரு நோட்டீஸ்: புதிய புட்போல் அணிக்கு ஆட்கள் தேவை, கைச்செலவுக்கு ஏதோ தருவார்கள். புட்போல் என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் நான் பள்ளி அணிக்குக் கோல் அடிப்பவன். அவன் உதைத்தால் பந்து கோலின் குறுக்குக் கம்பத்துக்கு மேலேதான் போகும். "காகத்துக்கு அடிக்கிறான்" என்று சிரிப்போம். துணைக்காகத்தான் அவனைக் கூட்டிப் போனேன்.

திடலில் ஹெல்மெற் போட்ட தடியன்கள் நின்றார்கள். பகலில் பஸ் ஓட்டுகிறவர்கள், பக்டரியில் பெட்டி தூக்குகிறவர்கள். பந்து நீளமாக, இரண்டு முனையும் கூராக இருந்தது. இது கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க புட்போல். எங்கள் கட்டைக் காற்சட்டையைப் பார்த்துப் பயிற்சியாளர் சிரித்தார். ஆனால் உதைக்கத் தெரிந்தவன் அவரிடம் இல்லை. உதைத்துக் காட்டச் சொன்னார்.

நான் முதலில் உதைத்தேன். பந்து நெஞ்சளவில் விர்ரென்று போய்க் கம்பத்துக்குக் கீழே நுழைந்தது. எந்தக் கோல் கீப்பரும் தொட்டிருக்க மாட்டான். பயிற்சியாளர் இல்லையென்று தலையை ஆட்டினார். இந்த விளையாட்டில் குறுக்குக் கம்பத்துக்கு மேலால் போனால்தான் புள்ளியாம்.

அடுத்து அவன். காகத்துக்கு அடித்தான். அங்கேயே அவனுக்கு ஹெல்மெற் கொடுத்தார்கள். எனக்கு, "மேலே அடிக்கப் பழகிக்கொண்டு வா."

கோடை முழுவதும் வேலை முடிந்து தனியே பழகினேன். பந்து எழவே இல்லை. தாழ்த்தி அடிக்க இந்தக் காலைப் பத்து வருடம் பழக்கியவன் நான். ஒவ்வொரு சனிக்கிழமை ஆட்டத்திலும் அவன் அடிப்பதைப் பார்த்து வயிறெரிந்தேன்.

கடைசி ஆட்டத்தில் அவன் உதை ஒன்றிலேயே வெற்றி தொங்கியது. பந்து தாழ்ந்து கம்பத்துக்குக் கீழே போனது. அணி தோற்றது. எழுந்து நின்று கைதட்டினேன். நான் ஒருவன்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டான்:

"ஏன்ரா கை தட்டினனீ?"

"உது ஊரில கோல்."

"கோலோ? உனக்கு எரிச்சல். முதல்நாளே கண்டனான்."

"ஓம், எரிச்சல்தான். கூட்டிக்கொண்டு வந்தது நான். ஹெல்மெற் போட்டது நீ."

அடுத்த வருடமும் அவனையே எடுத்தார்கள். நான் பார்க்கப் போகவில்லை. அவன் அடித்ததிலேயே நல்ல உதை அந்தக் கடைசி ஆட்டத்தில் கம்பத்துக்குக் கீழே போனதுதான். அது கோல்.