ஆல்ட்டர் இல்லீங்க

எனக்கு உள்ளங்கை வேர்க்கும். மார்கழிக் குளிரிலும் வேர்க்கும். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை என்பதால், தோளில் ஒரு துண்டு போட்டுக்கொண்டு, துடைத்துத் துடைத்துத்தான் வெள்ளை பீஸைத் தொடுவேன். சொத்து சேர்க்கத் துப்பில்லாதவன், மகளுக்கு இதை மட்டும் மறக்காமல் கொடுத்துவிட்டேன்.

பள்ளியில் கைகோத்து ஆடும்போது அவள் கையை யாரும் பிடிப்பதில்லை. ‘ஈரக்கை’ என்று பட்டப்பெயர் வேறு. யாரும் கைகோக்கத் தேவையில்லாத ஆட்டம் என்பதாலோ என்னவோ, பிளாஸ்டிக் பம்பரத்தில் பைத்தியமானாள். இடதுகையில் லாஞ்சரைப் பிடித்து, வலதுகையால் அதன் நூலை வெடுக்கென்று இழுத்தால், பம்பரம் கிண்ணத்துக்குள் பாய்ந்து சுற்றும். பாழாய்ப்போன வேர்வை அங்கேயும் விடவில்லை. லாஞ்சர் வழுக்கி, பம்பரம் கட்டிலுக்கடியில் ஓடும். பொம்மைக் கடைக்காரர் வைத்த போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தவள், “எல்லாரு முன்னாலயும் வழுக்கீருங்களாப்பா?” என்று நச்சரித்தாள்.

பனியன் கழுத்துக்கு வைத்துத் தைக்கும் ரிப் துணியில், லாஞ்சரின் பிடிக்கு ஒரு உறை தைத்தேன். வேர்வையைக் குடித்துக்கொண்டு கெட்டியாக நின்றது. அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே!

போட்டியன்று நடுவராக இருந்த கல்லூரிப் பெண் லாஞ்சரைத் திருப்பிப் பார்த்தாள். “ஏனுங்கண்ணா, இதுல ஆல்ட்டர் பண்ணியிருக்கீங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் மேசையில் ஆல்ட்டர் என்றால் குறையுள்ள பீஸ். சரிசெய்யத் திருப்பி அனுப்புவது.

“ஆல்ட்டரெல்லாம் இல்லீங்க. ஒரு குத்தம் சொல்ல முடியாதுங்க!” என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பாதிப்பேர் பனியன் கம்பெனிக்காரர்கள்தானே.

நடுவரும் சிரித்துவிட்டு விளக்கினாள். கடையில் வாங்கிய லாஞ்சரில் எதையும் சேர்க்கவோ மாற்றவோ கூடாதாம். விதி என்றால் விதிதான். நானும் அப்படிக் கறாராகப் பீஸ் பார்த்துப் பிழைக்கிறவன். பிடியில் இறுக்கியிருந்த ஓரத் தையலை மட்டும் பிரித்து உறையை உருவினேன். மகளின் கண் கலங்கியது. முன்னமே விசாரிக்காத என்மேல் எனக்கே கோபம் வந்தது.

உறையைக் கசக்கிக்கொண்டு நின்றவள், திடீரென்று அதைத் தன் இடதுகையில் மாட்டிக்கொண்டாள். விரல்கள் வெளியே நீட்டியிருக்க, உள்ளங்கைக்கு அளவெடுத்தது போல் இருந்தது.

“அக்கா, இப்படிப் போட்டுக்கலாங்களா?”

நடுவர் விதிகள் எழுதிய தாளைப் பார்த்தாள். “கையைப் பத்தி ஒண்ணும் போடலயே. போட்டுக்க சாமி.”

லாஞ்சர் வழுக்கவேயில்லை. முதல் ஆட்டத்தில் ஜெயித்தாள். அடுத்ததில் ஒரு பையனின் பம்பரம் இவளுடையதைத் தூக்கி வெளியே அடித்தது. நியாயமான தோல்விதான்.

வண்டி நிறுத்திய இடத்துக்கு நடக்கும்போது கேட்டாள்: “ஏனுங்கப்பா, அப்ப என்ற கை ஆல்ட்டருங்களா?”

அங்கேயே குந்தி உட்கார்ந்து, உறையைக் கழற்றி, அவள் கையை வெயிலில் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், மேசையில் பீஸ் பார்க்கிற மாதிரியே.

“பாஸ் கண்ணு.”

அவள் என் கையை இழுத்து, அதேபோல் புரட்டிப் பார்த்தாள்.

“உங்குளுதும் பாஸுங்கப்பா,” என்று சொல்லி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். துண்டு தோளில்தான் கிடந்தது. நான் கையைத் துடைக்கவில்லை.