இரவல் புருஷன்கள்

ரஹேலாவின் ஊரைச் சுற்றி நாலாபுறமும் இந்தியா. ஊர் மட்டும் வங்கதேசத்துத் துண்டு. பக்கத்து இந்திய டவுன் ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குச் சேர இந்தியப் புருஷன் வேண்டும். மூன்று பிரசவத்துக்கும் அக்கம்பக்கத்து இந்திய ஊர் ஆண்களின் பெயரை இரவல் வாங்கினாள்.

ஊர் இந்தியாவோடு சேர்ந்ததும் குடியுரிமைப் பட்டியல் எழுத வந்த அதிகாரி பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களைப் பார்த்துச் சிரித்தார். "என்ன அண்ணி, மூணு புள்ளைக்கு மூணு அப்பனா?"

"சிரிக்காதீங்க! இந்தியப் புருஷன் இல்லாம ஆஸ்பத்திரியில கட்டில் குடுத்திருந்தா, நான் ஏன் கண்டவன் பேரைச் சொல்லப்போறேன்?"

அவர் முகம் சுண்டியது. "சரி, நிஜப் பேரைச் சொல்லுங்க."

கட்டியவன் பெயரைப் பெண்கள் வாயால் சொல்வது அங்கே வழக்கமில்லை. ரஹேலா முக்காட்டை இழுத்துவிட்டு உரக்கச் சொன்னாள்: "மொஸ்லேம் மியா!"

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாக அந்தக் குரலில் தன் பெயரைக் கேட்டிராத மொஸ்லேம், "இங்கதான் இருக்கேன்!" என்று வாசலிலிருந்து ஓடிவந்தான்.