முதுகில் தைத்த துணி

சில வருடங்களுக்கு முன்னால், ஒரு ஜனவரி மாதம். அபுதாபியில் கடலை விட்டு வெகுதூரம் தள்ளி, மணல் மேடுகளுக்கு நடுவே எங்கள் கேம்ப் இருந்தது. புதிதாக ரோடு போட இடம் அளக்கும் வேலை. நான் பிக்கப் ஓட்டினேன். பத்தாவதோடு படிப்பை விட்டவன் நான். பிள்ளைகளே, எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் சர்வேயர் ஒரு சீனாக்காரர். ‘மிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை இந்தி, அது தீர்ந்துபோனால் கைஜாடை. கருவிகளைத் தூக்கிவர இன்னொருவன் உண்டு, கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன். தூங்கும்போது மட்டும்தான் அவன் வாய் ஓயும்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மிஸ்டர் தன் மொபைலில் ஒரு பழைய படம் காட்டினார். ஒரு போர் விமானம். அதன் மூக்கில் சுறாவின் வாயை வரைந்திருந்தார்கள், பல்லெல்லாம் தெரிய. சுறாவைப் பார்த்ததும் குமரிக்காரன் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தே வந்துவிட்டான். மிஸ்டர் கையை விமானமாக ஆட்டி ஆட்டிக் கதை சொன்னார். இரண்டாம் உலகப் போர் சமயம். சீன நகரங்கள்மேல் தினமும் குண்டு விழுகிறது. அப்போது அமெரிக்காவிலிருந்து கொஞ்சம் விமானிகள், தங்கள் ராணுவ வேலையை விட்டுவிட்டு, தாங்களாகவே முன்வந்து சீனாவுக்காகப் பறக்க வந்தார்கள். ஆள் குறைவு, விமானமும் குறைவு. ஆனாலும் எதிரி விமானங்களை ஓட ஓட விரட்டினார்கள்.

சில நேரம் அவர்கள் விமானமும் அடிபட்டு விழும். விழுகிற இடத்தில் யாருக்கும் அவர்கள் பேச்சு புரியாது. நண்பனா எதிரியா என்று கிராமத்து ஜனங்களுக்கு எப்படித் தெரியும்? அதற்காக ஜாக்கெட்டின் முதுகில் ஒரு துணியைத் தைத்திருந்தார்களாம். இவர் நமக்காகச் சண்டைபோட வந்த வெளிநாட்டுக்காரர், இவரைக் காப்பாற்றுங்கள் என்று அதில் சீன எழுத்தில் எழுதியிருக்கும். அப்படி விழுந்த ஒருவரை மிஸ்டரின் தாத்தா ஊர்க்காரர்கள், வீட்டுக் கதவு ஒன்றைக் கழற்றி, அதில் படுக்கவைத்து, மலை தாண்டித் தூக்கிப்போய்ச் சேர்த்தார்களாம். அதைச் சொல்லும்போது அவர் சாப்பாட்டை மறந்துவிட்டார்.

அந்த வார லீவில் ஷார்ஜாவுக்குப் போனவர், ரோலா கடைத்தெருவில் ஒரு தையல்காரரைப் பிடித்து எங்கள் மூன்று பேர் குளிர் ஜாக்கெட்டிலும் துணி தைத்துக்கொண்டு வந்தார். அரபு எழுத்து. இவர் உங்கள் நாட்டுக்கு உழைக்க வந்தவர், ஆபத்தில் இருந்தால் உதவுங்கள் என்று எழுதி, கீழே கேம்ப் போன் நம்பர்.

கேம்பே சிரித்தது. “எலே மக்கா, நம்மள பார்சல் ஆக்கிட்டாருடே. ஒரு ஸ்டாம்பு ஒட்டுனா நேரா நாகர்கோயில்லயே எறங்கிரலாம்” என்றான் குமரிக்காரன். அன்றே பிளேடால் தன் துணியைப் பிரித்து எடுத்துவிட்டான். எனக்கும் கூச்சம்தான். ஆனால் மிஸ்டர் முகத்தைப் பார்த்தபின் பிரிக்க மனசு வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு காலை, கண்ணுக்கு முன்னால் நீட்டிய கை தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். மெதுவாகத்தான் ஓட்டினேன். ஆனாலும் தடம் மாறி ஒரு மணல் மேட்டின் விளிம்புக்குப் போய்விட்டேன். வண்டி உருண்டது. எனக்குச் சிராய்ப்பு. குமரிக்காரனுக்கு நெற்றியில் ஒரு வெட்டு. மிஸ்டருக்குத் தொடை கிழிந்து ரத்தம் நிற்காமல் போனது. கால் எலும்பும் முறிந்திருந்தது.

என் மொபைல் நசுங்கிவிட்டது. மற்ற இருவர் மொபைலிலும் அந்தப் பள்ளத்தில் சிக்னல் இல்லை. குமரிக்காரன் தன் துண்டை மடித்துக் காயத்தில் வைத்து முழு பலத்தோடு அழுத்திக்கொண்டான். “நீ ஓடு மக்கா, நான் இவர வுட மாட்டேன்” என்றான். ஓடினேன். ஒரு மொபைலை வாங்கிக்கொண்டு போகவேண்டும் என்று அந்தப் பதற்றத்தில் தோன்றவே இல்லை.

எங்கோ ஒட்டகம் கனைக்கும் சத்தம் கேட்டது. அந்தத் திசையில் போனால் ஒரு தோட்டம், பெரிய இரும்புக் கதவு. தட்டினேன். கதவிலிருந்த சின்னத் திறப்பு விலகியது. உள்ளே ஒரு அரபுப் பெண்மணி. எனக்குத் தெரிந்த அரபி மூன்று வார்த்தை: யல்லா, கலாஸ், மாஃபி. போ, முடிந்தது, இல்லை. அதை வைத்துக்கொண்டு என்ன சொல்ல? “மாஃபி மொபைல்” என்றேன். மிஸ்டரின் நிலைமையைச் சொல்ல நினைத்து, “மிஸ்டர் கலாஸ்” என்றேன். என் இரண்டு கையிலும் மிஸ்டரின் ரத்தம். யாரோ ஒருவரைத் தீர்த்துவிட்டு வந்து நிற்பதாகத்தானே அந்தம்மா நினைத்திருப்பார்? திறப்பு படாரென்று மூடியது.

மறுபடி தட்டினேன். தமிழிலேயே கெஞ்சினேன். “அம்மா, ஒரு உயிரும்மா, தெறங்கம்மா” என்றேன். உள்ளேயிருந்து போகச்சொல்லிக் கத்தினார். தனியாக இருந்திருக்கிறார், பாவம். அங்கே நின்று பயனில்லை, வேறு எங்காவது ஓடுவோம் என்று திரும்பி ஓரடி வைத்தேன்.

பின்னால் அந்தத் திறப்பு மறுபடி விலகும் சத்தம், கூடவே மெதுவாக ஒரு குரல். எழுத்துக் கூட்டி வாசிக்கிற குரல். நின்றேன். திரும்பவில்லை. திரும்பினால் எழுத்து மறைந்துவிடுமே. முதுகை அந்தக் கதவுக்குக் காட்டியபடி, கையைக்கூட அசைக்காமல் நின்றேன். அந்தம்மா கடைசி வரி வரைக்கும் வாசித்தார். பிறகு நம்பரை வாசித்தார். பிறகு போனில் பேசும் சத்தம். அந்தப் பக்கம் கேம்ப் பாஸ், எங்கள் மூன்று பேரும் எந்தப் பக்கம் போனோம் என்று சொல்லியிருக்கிறார்.

இரும்புக் கதவு முழுசாகத் திறந்தது. லேண்ட் குரூசரை எடுத்துக்கொண்டு அந்தம்மாவே வெளியே வந்தார். கம்பளி, தண்ணீர், கட்டுப்போடத் துணி எல்லாம் உள்ளே கிடந்தன. என்னை ஏறச் சொல்லிக் கைகாட்டினார். பனியில் நனைந்த மணலில் என் கால்தடம் அப்படியே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே ஓட்டினார். பிள்ளைகளே, நானும் டிரைவர்தான். ஆனால் மணலில் அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. வண்டி மேட்டில் ஏறினால் வானம், இறங்கினால் வயிறு வாய்க்கு வந்தது.

குமரிக்காரன் சொன்னபடி விடவில்லை. அழுத்திய கை அழுத்தியபடியே இருந்தது. மிஸ்டர் தூங்கிவிடக் கூடாதென்று, விடாமல் பேசிக்கொண்டே இருந்திருக்கிறான், முழுக்கத் தமிழில். அந்தம்மா இறங்கியதும் காயத்துக்கு மேலே தொடையை இறுக்கிக் கட்டினார். வெயில் ஏறிப் பனி விலகியதும், தலைக்கு மேலே ஹெலிகாப்டர் சத்தம், கேம்ப் பாஸ் சொல்லி வந்தது. அந்தம்மாவும் நாங்கள் இரண்டு பேரும் கம்பளியை வீசி வீசிக் காட்டினோம். அது மணலை வாரி இறைத்துக்கொண்டு இறங்கியபோது குமரிக்காரன் விசிலடித்தான்.

ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது மிஸ்டர் என் கையைப் பிடித்தார். முகம் வெளுத்திருந்தது. ஆனால் சிரிப்பு இருந்தது.

“பாய், ஜாக்கெட் அச்சா?”

“பஹுத் அச்சா, மிஸ்டர்” என்றேன். ரொம்ப நல்ல ஜாக்கெட்தான்.

கால் எலும்பு கூடி, கோடை வருவதற்குள் அவர் கேம்புக்கு நடந்தே வந்தார். புது பிக்கப்பின் மூக்கில் நாங்கள் சுறா வாய் வரைந்து வைத்திருந்தோம். பல்லை வரைந்தது குமரிக்காரன். நிஜச் சுறாவைப் பார்த்தவன் என்பதால் ஒரு பல் குறையாது என்றான். கேம்பில் சிரித்தவர்கள் எல்லோரும் தங்கள் ஜாக்கெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, துணி தைக்கச் சொல்லி அவர் ரூம் வாசலில் நின்றார்கள். முதலில் நின்றவன் யாரென்று சொல்லவேண்டியதில்லை.

அந்த ஜாக்கெட் இப்போது ராமநாதபுரத்தில் எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. ஒவ்வொரு லீவிலும் என் மகள் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பாள், தெரிந்துகொண்டே. எங்கள் தெருவில் வீடு கட்ட வந்த வடநாட்டுப் பையன்கள், நமக்குப் புரியாத பாஷையில் தண்ணீரோ வழியோ கேட்டு வாசலில் நிற்கும்போது, அவர்கள் முதுகில் எந்தத் துணியும் இல்லை. ஆனாலும் அங்கே என்ன எழுதியிருக்கும் என்று என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.