மிச்சக் கோட்டில் ஒரு பள்ளம்

எனக்குத் துறைமுகத்து ஆபீசில் வேலை. மீனோடு உள்ள உறவெல்லாம் குழம்புச் சட்டியோடு சரி. ஆனாலும் ஆலந்தலையில் நாள்தோறும் கரையிறங்கிய மீனின் எடையை, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளில் ஏற்றினேன். அது அந்த எடைகளை ஒரு கோடாக வரைந்து, அதை நாலாகப் பிரித்துக் கொடுத்தது: பல வருடப் போக்கு, பருவத்து ஏற்ற இறக்கம், வாரச் சுழற்சி, கடைசியாக இவை எதிலும் அடங்காத மிச்சம்.

அந்த ஊரில் படகு வைத்திருக்கும் என் பள்ளித் தோழனிடம் பெருமையாகக் காட்டினேன். ஏழு நாளுக்கு ஒருமுறை கோடு தரைதட்டுவதைப் பார்த்துச் சிரித்தான்.

"ஞாயித்துக்கிழம பூசைக்குப் போவோம், கடலுக்குப் போவ மாட்டோம். இதச் சொல்லுததுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணுமாலே?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மிச்சக் கோட்டில் ஒரு புதன்கிழமை கிணறு மாதிரி இறங்கியிருந்த பள்ளத்தைக் காட்டினேன்.

"புயல் இல்ல, தடைக்காலம் இல்ல. ஆனா ஒரு படகுகூடப் போவல. காரணமே இல்லாத நாளு இது. மென்பொருளே கைய விரிச்சிட்டு."

அவன் தேதியை உற்றுப் பார்த்தான்.

"எங்கப்பாவ அடக்கம் பண்ணுன நாள். ஊர்ல ஒரு சாவுன்னா எவன் கடலுக்குப் போவான்?" என்றவன், மடிக்கணினியை மெல்ல மூடினான். "நீயுந்தானலே மாலையோட வந்து நின்ன."