வெர்லீன் கை கொடுக்காத நாள்

வெர்லீன் டாகின்ஸுக்கு மறதி என்கிற வியாதியே கிடையாது. அலபாமாவில் பெல்ஃபோர்ட் ஊர் உயர்நிலைப் பள்ளியில் காலமெல்லாம் வேதியியல் நடத்தினாள். புருஷனை அடக்கம் செய்தாள். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் தொண்டை கிழியப் பாடினாள். இத்தனைக்கும் நடுவே, அறுபத்தெட்டு வயதுவரை, ஒரே ஒருத்தியை நினைத்துக் கறுவிக்கொண்டே இருந்தாள். மன்னிச்சு விட்டுடு என்று போதகர் சொன்னபோது, "மன்னிக்கிறது ஆண்டவர் வேலை, நான் எதுக்கு அதுல தலையிடணும்?" என்று கேட்டவள் அவள்.

அந்த ஒருத்தியின் பெயர் யூலாலி. பகை பிறந்த இடம், ஹார்லன் கல்லூரியின் மக்னோலியா சகோதரிகள் சங்கம். கறுப்பின மக்களுக்கென்று இருந்த அந்தக் கல்லூரியில், சலவைக்காரிகளின் மகள்கள் ஒன்பது பேர் சேர்ந்து சங்கத்தை ஆரம்பித்தார்கள். சாயங்காலம் பெண்களை நூலகத்துக்குள் விடமாட்டோம் என்றபோது, அதன் வாசற்படியிலேயே விளக்கேற்றி வைத்துப் படித்த மகராசிகள்! உண்மை, உழைப்பு, உடன்பிறப்பு என்று மூன்று கொள்கை வகுத்தார்கள். நாற்பது வருஷம் போயிற்று. சங்கத்துக்குச் சொந்த வீடு வந்தது, வெள்ளிக் கெண்டியில் தேநீர் வந்தது, கூடவே தோல் நிறத்தைப் பார்த்து ஆளை எடுக்கிற புத்தியும் வந்து தொலைந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில், தைத்துப் போட்ட புது உடுப்போடு வெர்லீன் அந்த வீட்டுத் தேநீர் விருந்துக்குப் போனாள். வகுப்பிலேயே முதல் மாணவி, தடுக்க யாருக்குக் காரணம் இருக்கிறது என்ற தைரியம். புதுப் பெண்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு யூலாலிக்கு. வெண்ணெய் நிறத்துக்காரி. மளிகைக்கடைப் பழுப்புக் காகிதப் பை ஒன்றை எடுத்து வெர்லீன் கன்னத்தருகே பிடித்துப் பார்த்தாள். பையைவிடக் கறுத்தவளுக்கு அங்கே இடமில்லை; வெர்லீன் கன்னம் கறுப்பு.

"ஏற்கெனவே இந்த வீட்ல வெளிச்சம் பத்தல கண்ணு, நீ வேற வந்தா விளக்குக்கு எங்க போறது?" என்றாள். சுற்றியிருந்தவர்கள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். வெர்லீன் தேநீர்க் கோப்பையை வைக்கக்கூட இடம் தெரியாமல் கையில் பிடித்தபடியே வாசல்வரை வந்துவிட்டாள்.

காலம் மாறியது. படித்து முடித்த பெண்களையும் சங்கத்தின் ஊர்க்கிளை சேர்த்துக்கொள்ள ஆரம்பித்ததும் வெர்லீன் போய்ச் சேர்ந்தாள். "உன்னைத் துரத்தினவங்க வீட்டுக்கே எதுக்குடி போற, வெக்கமா இல்ல?" என்று அவள் தங்கை கேட்டாள்.

"சிகாகோவுக்குக் குடிபோன யூலாலி ஒருநாள் திரும்பி வருவாடி. சங்கத்துல சேர்ந்து ஐம்பது வருஷம் ஆனவங்களுக்குப் பொன்னாடை போத்துவாங்கல்ல, அந்த ஆசை அவளை விடாது. அப்போ தலைவி நாற்காலியில நான் இருக்கணும்."

அப்படியே ஆயிற்று. நிறுவனர் நாள் மதிய விருந்துக்கு யூலாலி ஊன்றுகோலோடு வந்தாள். உடன் மகன் வழிப் பேத்தி ஜனேயா. அதே கல்லூரியில் படிக்கிறவள், சங்கத்தில் சேர்ந்து ஒரு வருஷமாகிறது. மருமகளின் நிறம் அப்படியே வாய்த்த, கரிய, களையான பெண். பொரித்த கோழியும் பீச் பழப் பணியாரமும் சாப்பிட்டு முடித்தார்கள். பொன்னாடையை வெர்லீனே போர்த்தினாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை.

கடைசியில் வட்டம். எல்லாரும் கைகளைக் குறுக்காகக் கோத்து நின்று சங்கப் பாட்டைப் பாடினால்தான் கூட்டம் முடியும். ஒரு கை விட்டுப்போனாலும் பாட்டு கிடையாது. ஒன்பது பேர் காலத்திலிருந்து அதுதான் வழக்கம். கௌரவம் பெற்றவள் தலைவிக்குப் பக்கத்தில் நிற்பாள். யூலாலி கையை நீட்டினாள். வெர்லீன் தன் கையைத் தொங்கவே விட்டிருந்தாள்.

"கையைக் குடுங்க, சிஸ்டர்" என்றாள் யூலாலி.

"குடுக்கறேன். ஐம்பத்து மூணுல இந்த வெர்லீனை ஏன் வெளிய அனுப்புனீங்க? அதைச் சொல்லுங்க."

யூலாலி விழித்தாள். "எத்தனையோ பிள்ளைங்கள வேண்டாம்னோம். அதையெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கா?"

வெர்லீன் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். தான் இத்தனை வருஷம் சுமந்ததை இவள் அன்றைக்கே துடைத்துப் போட்டுவிட்டாளாமே! இதைவிட அந்தச் சிரிப்பே மேல்.

செயலாளர்ப் பெண் டமேக்கா மெல்ல, "சிஸ்டர் வெர்லீன், பெரியவங்களுக்குக் கால் வலிக்கும்..." என்று இழுத்தாள்.

"வலிக்கட்டும். நம்ம முதல் கொள்கை என்னடி?"

"உண்மை."

"அது வரட்டும், பாடலாம்."

யூலாலி சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். பேத்தியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெர்லீன் முகத்தை நன்றாகப் பார்த்தாள். அப்போதுதான் ஏதோ பிடிபட்டதுபோல் கண்ணைத் தாழ்த்தினாள்.

"நீ கறுப்பா இருந்தே."

"கடைசில நிக்கிறவங்களுக்குக் கேக்கல, மிஸ் யூலாலி."

"கறுப்பா இருந்தே! அதுக்குத்தான் வேண்டாம்னேன். வேற ஒரு குறையும் உங்கிட்ட இல்ல. போதுமா?"

வெர்லீனுக்கு இனித்தது. பழி தீர்த்தால் மனசு வெறிச்சோடிப் போகும் என்பார்கள். தீர்த்துப் பார்க்காதவர்கள் சொல்லும் பேச்சு அது. கையை நீட்டி யூலாலியின் விரல்களைப் பற்றினாள். பாட்டை எடுக்கத் தொண்டையைச் செருமினாள்.

மறுபக்கம் ஜனேயா தன் கையை விடுவித்துக்கொண்டாள்.

"பாட்டி, அன்னிக்கு நான் வந்திருந்தா?"

யூலாலி பேத்தியைப் பார்க்கமுடியாமல் வெர்லீன் பக்கம் திரும்பினாள். "நீயாவது ஏதாச்சும் சொல்லேன்" என்று முணுமுணுத்தாள்.

"உங்ககிட்டதான கேக்குறா" என்றாள் வெர்லீன். பிடித்த கையை அவள் விடவில்லை.