சாவியை எடுத்த பிறகும் ஓடிய வண்டி

என் நாத்தனாருக்குப் பட்டறையில் 'காதக்கா' என்று பெயர். ஆறு கார்கள் வரிசையாக நிற்கும் பட்டறை அது. நடுவில் கண்ணாடி போட்ட அலுவலக அறை, பின்னால் பழைய டயர்க் குவியல். ரிப்பேர் முடிந்த எந்த வண்டியும் அவள் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் சொந்தக்காரர் கைக்குப் போகாது. நெரிசலான கடைத்தெரு, பாலம், செங்கல் சூளையை ஒட்டிய நேர் சாலை, மதிலோரத்து வளைவு என்று பதினான்கு கிலோமீட்டர் சுற்று. திரும்பி வந்து ஒரு சீட்டு எழுதுவாள். வேறு யாராவது என்றால் 'சத்தம் வருகிறது' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அவள், 'முன்சக்கர பேரிங், வளைவில் மட்டும், தூக்கத்தில் பல்லைக் கடிப்பது போல' என்று எழுதுவாள். பிரித்துப் பார்த்தால் பேரிங்தான்.

பத்தொன்பது வயதில் அங்கே ரிப்பேர் அட்டைகளைத் தட்டச்சு செய்யப் போனவள். இரண்டாவது வாரம், தட்டச்சு இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமலே, வாசலில் நுழைந்த வேனுக்கு மூன்றாவது சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று சொன்னாள். பெரிய மெக்கானிக் சிரித்தார். பிரித்தார். சிரிப்பை நிறுத்தினார். அடுத்த மாதமே ஓட்டுநர் உரிமம் எடுக்க அவரே அவளைக் கூட்டிப்போனார். பின்னாளில் அவளைக் கல்யாணம் பேசி வந்த ஒருவரை, "உங்க வண்டிக்கு கிளட்ச் போகப்போகுது, மேட்டுப் பக்கம் போகாதீங்க" என்று சொல்லி வழியனுப்பினாள். மனிதர் ரோஷத்தில் மேட்டுப் பக்கமே போனார். வண்டியும் நின்றது, கல்யாணப் பேச்சும் நின்றது.

ஐம்பது வயதுக்குமேல் காது மெல்லப் போக ஆரம்பித்தது. மொத்தமாக அல்ல. கனத்த சத்தங்கள் அப்படியே இருக்க, கீச்சென்றவை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போயின. குருவி, குக்கர் விசில், சொந்தக் கையில் கிடக்கும் வளையல். காதுக்குக் கருவி வைத்தால் சரியாகும் என்றார் டாக்டர். கருவி வைத்தவளை யார் காதக்கா என்று கூப்பிடுவார்கள்? அந்தப் பெயரும் வேலையும் ஒரே முடிச்சில் இருந்தன. அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டினாள். கியர் குமிழின்மேல் உள்ளங்கையை வைத்து, அதிர்வைக் கொண்டே எஞ்சினைப் படித்தாள். மூன்று வருடம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கு வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அதாவது, அவள் எதிரில் திறக்கவில்லை.

அந்தக் கார் ஒரு திங்கட்கிழமை வந்தது. பல் டாக்டர் ஒருத்தியின் வண்டி. சின்ன டீசல் கார். பின்கதவு கண்ணாடியோடு சேர்ந்து மேலே தூக்கும் ஹேட்ச்பேக். தாழ்ந்த உடம்பு, அகன்ற டயர், பதுங்கி உட்கார்ந்திருப்பது போல முன்பக்கம். சாவியைத் திருப்பி வெளியே எடுத்த பிறகும் இரண்டு மூன்று எண்ணும் நேரம் எஞ்சின் ஓடுகிறது, விடைபெற்ற விருந்தாளி வாசலில் நின்று பேசுவது போல, என்று டாக்டர் புகார் சொன்னாள். பெரிய மெக்கானிக் காற்று வடிகட்டியை மாற்றினார், ஒயர்களைப் பார்த்தார், பத்து முறை அணைத்துப் பார்த்தார். பத்து முறையும் வண்டி நல்ல பிள்ளையாக அணைந்தது. டாக்டருக்குத்தான் ஏதோ பிரமை என்று தீர்ப்பெழுதிவிட்டுச் சாவியைக் காதக்காவிடம் கொடுத்தார்.

அவள் சொன்ன விதத்தில், கார் ஓட்டத் தெரியாத எனக்கே கால் பரபரத்தது. கடைத்தெருவில் அது முரண்டு பிடித்தது. கிளட்ச் கனத்தது. ஒவ்வொரு கல்லையும் குழியையும் வண்டி எண்ணி அவள் இடுப்பில் ஒப்படைத்தது. நேர் சாலைக்கு வந்து அழுத்தினால், முதலில் ஒன்றும் நடக்கவில்லை. சொன்னது தனக்கில்லை என்பது போல டீசல் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் இரண்டாயிரத்தைத் தொட்டதும் முதுகில் யாரோ இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாற்போல ஒரு பாய்ச்சல். ஸ்டியரிங் கையை இழுத்தது. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதற்கு மணிக்கட்டின் ஒரு சொடுக்கு போதும். மற்ற கார்கள் சாய்ந்து முனகும் மதில் வளைவில் இது சாயவே இல்லை. சாலையைப் பல்லால் கவ்விக்கொண்டு திரும்பியது.

அந்தப் பாய்ச்சலில்தான் அவளுக்கு அது கேட்டது. டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் சின்ன விசிறி. வேகம் பிடிக்கும்போது ஊசி முனை மாதிரி ஒரு விசில் எழுப்பும். மூன்று வருடமாக எந்த வண்டியிலும் அவள் கேட்காத சத்தம். அதன் பின்னாலேயே மற்றவையும் வந்தன. இண்டிகேட்டரின் டிக் டிக். கண்ணாடியில் மோதிய பூச்சி. சூளைக் கூரையில் குருவிகள். ஓரங்கட்டிச் சாவியை எடுத்தாள். எஞ்சின் நிற்கவில்லை. இரண்டு, மூன்று என்று எண்ணும்வரை குருவிகள் கத்தின. எஞ்சின் உலுக்கிக்கொண்டு நின்றதும் அத்தனையும் கத்தரித்தாற்போல நின்றது. இறங்கி நின்று பார்த்தாள். கூரை முழுக்கக் குருவிகள், அலகைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சத்தம் இல்லை.

உள்ளங்கைக்கு வேறொன்றும் தெரிந்திருந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் வண்டி ஒரு மூச்சு அதிகமாக இழுத்தது. அப்படியானால் டர்போவுக்குள் எங்கோ தேய்ந்து, எஞ்சின் ஆயில் காற்றோடு கசிந்து உள்ளே போகிறது என்று பொருள். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. எரிவதற்கு ஏதாவது கிடைத்தால் ஓடும். இன்றைக்குச் சொட்டுச் சொட்டாகப் போவது ஒருநாள் ஒரேயடியாகப் போகும். அன்றைக்குச் சாவிக்கும் எஞ்சினுக்கும் உறவு அறுந்துவிடும். தன் ஆயிலைத் தானே குடித்துக்கொண்டு, வேகம் கூடிக்கூடி ஓடும். 'டர்போவை மாற்றவும்' என்று எழுத ஐந்து வினாடி போதும். மாற்றினால் அந்த விசில் போய்விடும். அதோடு குருவியும் போய்விடும். அவள் சீட்டில், 'இன்னொரு ஓட்டம் தேவை' என்று எழுதினாள். முப்பது வருடத்துக்கு மேல் எழுதிய சீட்டுகளில் அதுதான் முதல் பொய்.

மறுநாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"அண்ணி, மத்தியானம் அண்ணன்கிட்ட என்னைப் பத்தி என்ன சொன்னீங்க?"

"உன்னைப் பத்தியா? நானா? எனக்கு வேற வேலை இல்லையா?"

"உங்க தங்கச்சிக்குக் காது போயிடுச்சு, ஊரே சிரிக்கிறதுக்குள்ள நீங்களாவது கேளுங்கன்னு சொன்னீங்க. கரண்டி கீழ விழுந்துச்சு. அவளுக்குக் கேக்கலைன்னா நமக்கு நிம்மதிதானேன்னு அண்ணன் சொன்னாரு."

கரண்டி விழுந்தது உண்மை. மற்றதும் உண்மை. அந்த நேரத்தில் அவள் எங்கள் சமையலறையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, செங்கல் சூளைச் சாலையில், ஜன்னல்களை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தக் காரில் போய்க்கொண்டிருந்தாள். பின்சீட்டில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்டதாம். அதன்பிறகு இரண்டு நாள் நான் என் கணவரிடம் எழுதிக் காட்டித்தான் பேசினேன். அவர் அப்படியொரு நிம்மதியை அதற்கு முன் அனுபவித்ததில்லை.

உடனே போய் உள்ளதை எழுதிக் கொடு என்று மன்றாடினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எழுதினா மறுபடியும் பஞ்சு அடைச்ச மாதிரி ஆயிடும் அண்ணி" என்றாள்.

புதன்கிழமை மூன்றாவது ஓட்டம். பாய்ச்சல் வந்தது, விசில் வந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல், நடுங்கிக்கொண்டு: "அம்மா, சாவி என் கையில இருக்கு. வண்டி நிக்கல." குரலுக்குப் பின்னால் ஒரு எஞ்சின் அலறிக்கொண்டிருந்தது. குரல் பல் டாக்டருடையது. காதக்கா வண்டியைத் திருப்பிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். டாக்டர் அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கியிருந்தாள். அம்மாவிடம் போனில் பேசினீர்களா என்று கேட்டதற்கு, இதுவரை ஒரு கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், யாரோடும் பேச நேரமில்லை என்றாள். வண்டியை எடுத்துப்போகத்தான் வந்திருந்தாள். மறுநாள் காலை அம்மாவை ஏற்றிக்கொண்டு மலைப்பாதை வழியாக அக்கா வீட்டுக்குப் போகிறாளாம்.

முதல் நாள் பக்கத்தில் இருப்பது கேட்டது. இரண்டாம் நாள் தூரத்தில் இருப்பது. இன்றைக்குக் கேட்டது இன்னும் யாரும் பேசாத பேச்சு.

அவள் சீட்டை எடுத்து எழுதினாள்: 'டர்போவில் ஆயில் கசிவு. ஓட்டக்கூடாது.' பெரிய மெக்கானிக் படித்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். காலையில் அவரே ஓட்டியிருக்கிறார், பூனை மாதிரி இருந்தது. திங்களன்றும் செவ்வாயன்றும் எழுதாததை இன்றைக்கு எழுதினால் எப்படி? டாக்டரும் ஊருக்குப் போய்வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சாவிக்குக் கையை நீட்டினாள். பெரிய மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, உனக்கு முன்ன மாதிரி கேக்குதா? பசங்க வேற மாதிரி பேசிக்கிறாங்க."

தாழ்த்திப் பேசியது அவள் காதில் விழவில்லை, வாயசைவில் புரிந்துகொண்டாள். நாளைக்குப் பேசப்போகும் பேச்சு இன்றைக்குக் கேட்டது என்று சொன்னால் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். கை சொல்கிறது என்றால், காது என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். அவள் போய் வண்டிக்குள் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி வைத்து, எஞ்சினைக் கிளப்பினாள். கியரில் போடாமல், நின்ற இடத்திலேயே, ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதித்தாள். விட்டாள். மறுபடி மிதித்தாள். ஏழாவது முறை காலை எடுத்ததும் முள் இறங்கவில்லை. தானாக ஏறியது.

பட்டறை முழுக்க நீலம் கலந்த வெள்ளைப் புகை. சாவியைத் திருப்பி உருவி, ஜன்னல் வழியாக டாக்டரிடம் வீசினாள். எஞ்சின் அதைப் பொருட்படுத்தவே இல்லை. எலி மாதிரி ஆரம்பித்த விசில் சங்காக ஊதியது. மற்ற ஐந்து மெக்கானிக்குகளும் டயர்க் குவியலுக்குப் பின்னால் போய்விட்டார்கள். பெரிய மெக்கானிக் இறங்கி வா, இறங்கி வா என்று கையை ஆட்டினார். மதிலோரம் நின்ற டாக்டர், கை தன்னால் அழுத்திய எண்ணில் யாரையோ அழைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சாவி என் கையில இருக்கு. வண்டி நிக்கல."

அதே சொற்கள். அதே நடுக்கம். காதக்காவுக்கு அந்த இரைச்சலின் நடுவிலும் தெளிவாகக் கேட்டது. மலைப்பாதையில் பேசியிருக்க வேண்டிய பேச்சுதான் இங்கே வந்து முடிந்ததா, அல்லது அவள் கேட்டது ஆரம்பத்திலிருந்தே இதைத்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

நிறுத்தும் வழி அவளுக்குத் தெரியும். பிரேக்கை முழுக்க மிதித்து, கடைசி கியரில் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டால் எஞ்சின் மூச்சுத் திணறி நின்றுவிடும். கால் தயாராக இருந்தது. ஆனாலும் அவள் சில வினாடி நிறுத்தவில்லை. டயருக்குப் பின்னால் ஐந்து பேர் மூச்சு விடுவது தனித்தனியாகக் கேட்டது. போனின் மறுமுனையில் டாக்டரின் அம்மா, "வண்டிக்குள்ள யாரு இருக்கா?" என்று கேட்பது கேட்டது. அப்புறம் பின்சீட்டிலிருந்து ஒரு குரல், இன்னும் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லிக் கேட்டது.

"மரியாதையாத்தான் கேட்டுச்சு அண்ணி" என்றாள் பிறகு என்னிடம்.

"யாருடி அது?"

"திரும்பிப் பாக்கல."

கிளட்சை விட்டாள். வண்டி ஒருமுறை எகிறி, முன்பக்கம் தரையில் குத்துவது போலக் குனிந்து, செத்தது. பஞ்சு திரும்பி வந்து இரண்டு காதையும் அடைத்துக்கொண்டது.

புகை கலைந்ததும் பெரிய மெக்கானிக் பானெட்டைத் திறந்து முதல் வேலையாக பேட்டரி ஒயரைக் கழற்றினார். இறங்கியவள் எல்லோர் எதிரிலும் சொன்னாள்: "அண்ணே, மூணு வருஷமா எனக்குச் சரியா கேக்கல. இந்த வண்டி கையாலதான் தெரிஞ்சுது. முதல் நாளே தெரிஞ்சுது, எழுதாம வெச்சிருந்தேன்." அவர் என்னவோ சொன்னார். துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னதால் வாயசைவும் தெரியவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னார். அப்போதும் பிடிபடவில்லை. டாக்டர் தன் மருந்துச் சீட்டு ஒன்றைக் கிழித்து அதில் எழுதிக் கொடுத்தாள். 'நாளைக்கு வழக்கம்போல வரச் சொல்கிறார். கருவி வாங்கி மாட்டிக்கொண்டு வரச் சொல்கிறார்.'

அடுத்து நடந்ததை அவள் சொல்லவில்லை. பெரிய மெக்கானிக் சொன்னார். அவள் அந்தச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தபோது, பேட்டரி கழற்றிய, ஆளில்லாத அந்தக் காரின் பின்சீட்டில், சீட் பெல்ட் கொக்கி மாட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஒரு சின்ன 'க்ளிக்'. டயருக்குப் பின்னாலிருந்து வந்த ஐந்து பேரும், டாக்டரும், அவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் மட்டும் பார்க்கவில்லை. சீட்டை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தாள்.