தலைவருக்குக் கண் எழுதியவர்

என் வீட்டுக்காரர் காலண்டர் ஓவியர். சிவகாசியில் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போன பிறகும், கையால் வரைந்த முகம்தான் வேண்டும் என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பேர் மிச்சம் இருக்கிறார்கள். அவர்களை நம்பித்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது. முருகன், லட்சுமி, கொழுகொழு குழந்தை, எது கேட்டாலும் வரைவார். ஓட்டுப் போடக் கிளம்பும்போதுகூட யார் யார் நிற்கிறார்கள் என்று என்னிடம் கேட்டுக்கொண்டு போகிற மனுஷன். அவர் அரசியலில் மாட்டுவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

போன வருஷம் கட்சி ஆட்கள் வந்து, தலைவர் பிறந்தநாள் சுவரொட்டிக்குப் படம் கேட்டார்கள். தலைவர் பெயரைச் சொல்லமாட்டேன். நாட்டில் பாதிப் பேர் கையெடுத்துக் கும்பிடுகிற, மீதிப் பேர் வாய்க்கு வந்தபடி திட்டுகிற ஒருவர் என்றால் போதும். சாமி படத்துக்குச் செய்வது போலவே கண்ணை இவர் கடைசிக்கு வைத்துக்கொண்டார். ஒரு நாள் காலையில் குளித்துவிட்டு வந்து கண் எழுதினார். அன்றோடு என் நிம்மதி போனது. அடுப்படியில் நின்றாலும் அந்தக் கண் என் முதுகில் இருந்தது. பொறுக்கமாட்டாமல் ஒரு துண்டை எடுத்துப் படத்தின் மேல் போட்டேன்.

“ஏ புள்ள, தலைவரு மூஞ்சியிலயா துண்டப் போடுவ? யாராச்சும் பாத்தா வம்பாப் போகும்.”

“பாக்கட்டும். அந்த ஆளு என்னையப் பாக்குறதுக்கு அது தேவல.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

அச்சகத்தில் முதலில் ஓடுகிற தாள்களில் நிறம் ஒழுங்காக விழாது. அவையெல்லாம் கழிவு. அந்தக் கழிவுத்தாள், வெடிக்குக் குழாய் உருட்டுகிறவர்களிடம் போகும். ஆனால் சாமி படம் வீணானால் அச்சகத்திலேயே தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். சாமியைச் சுருட்டி மருந்து அடைக்க இங்கே யாருக்கும் மனசு வராது. தலைவரைத் தனியாக எடுத்து வைக்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் சாமி இல்லையே.

இந்த வருஷப் பிறந்தநாளுக்குக் கடைவீதி நெடுக சரவெடி போட்டார்கள். காய்கறிப் பையோடு நான் ஓரமாக ஒதுங்கி நின்றேன். புகை கலைந்ததும் பார்த்தால் தெருவெல்லாம் தலைவர். இங்கே பாதி உதடு, அங்கே ஒரு காது. எதிர்க்கட்சிக் கொடிக்கம்பத்தடியில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், போனில் படம் எடுத்தார்கள். மத்தியானத்துக்குள் அது ஊர் முழுக்கப் போய்விட்டது. என் செருப்புக்குப் பக்கத்தில் ஒரு கண் கிடந்தது. எனக்கு அந்தக் கண்ணைத் தெரியும். காலை நகர்த்தி அதை மறைத்துக்கொண்டு நின்றேன். ஒரு கண்ணை மறைத்து என்ன செய்ய?

சாயங்காலம் கட்சி ஆட்கள் வந்தார்கள். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

“மதினி, அண்ணே இருக்காகளா?” என்று கேட்டு, செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். நான் கொடுத்த காப்பியைக் குடித்தார்கள்.

“ஊரே நம்மளப் பாத்துச் சிரிக்குதுண்ணே. நீங்க வரைஞ்ச படந்தான?” என்றார் அவர்களில் மூத்தவர்.

“வரைஞ்சு குடுத்ததோட என் வேல முடிஞ்சதுய்யா. பேப்பரு எங்கன போகுதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?” என்றார் இவர்.

“தெரிஞ்சு செஞ்சீகன்னு நாங்க சொல்லலயே. வேற ஆளுக அப்பிடிப் பேசுறாக. நாங்கதான் புடிச்சு நிறுத்தி வச்சிருக்கோம்.”

கட்சி ஆபீசில் மாட்ட ஆள் உயரத்துக்கு ஒரு படம் வேண்டுமாம். அதைச் செய்து கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமாம். அச்சக முதலாளியிடம் போய்க் கேட்க இவர்களுக்குத் துப்பில்லை. வசதியானவரை விட்டுவிட்டு, தூரிகை பிடிக்கிறவரைப் பிடித்தார்கள். நான் காலி டம்ளர்களைப் பொறுக்கி எடுத்தேன்.

“கண்ணு மட்டும் நல்லா வரணும்ணே,” என்று சொல்லிக்கொண்டே மூத்தவர் எழுந்தார். படியிறங்கும்போது ஜன்னலோரம் அடுக்கியிருந்த தாளையும் வார்னிஷ் டப்பாவையும் பார்த்தார். “சூதானமா இருங்க மதினி. நம்ம ஊருல ஒரு பொறி போதும்.”

மறுநாளிலிருந்து அவர்களில் ஒருவர் தினமும் வந்து நாற்காலியில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருப்பார். இவர் வரைவார். சால்வை வந்தது, மூக்கு வந்தது, நெற்றி வந்தது. கண் வரவில்லை. எழுதுவார், துடைப்பார், மறுபடி எழுதுவார். தெருவில் ஒரு பைக் நின்றால் போதும், சட்டென்று வாசலைப் பார்ப்பார். சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு கண்ணுக்காக இந்த மனுஷனை என்ன செய்துவிடுவார்களோ என்று நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலை, நான் பொட்டு வைக்கிற கண்ணாடியைக் கேட்டார். எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தேன். மத்தியானம் கண் எழுதி முடித்திருந்தார்.

பழைய ஞாபகத்தில் துண்டோடு போனேன். போட வேண்டியிருக்கவில்லை. இந்தக் கண் என்னைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தது.

பைக் சத்தம் கேட்டால் இவர் பார்க்கிற அதே பார்வை. அழித்துவிடச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். மூத்தவர் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். இவர் என் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

“பிரமாதம்ணே,” என்றார் மூத்தவர். “இப்பத்தான் கண்ணுல கருணை தெரியுது.”

லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. இவரும் பழையபடி லட்சுமியும் குழந்தையும் வரைகிறார்.

ரேஷன் கடைக்குக் கட்சி ஆபீஸ் வழியாகத்தான் போகவேண்டும். தலையைக் குனிந்துகொண்டு போய்விடலாம் என்றுதான் ஒவ்வொரு தடவையும் நினைப்பேன், முடிவதில்லை. நடுச்சுவரில் ஆள் உயரத்துக்குப் படம் நிற்கிறது. தினமும் புதுப் பூ வாங்கிப் போடுகிறார்கள். மாலைக்கு மேலே என் வீட்டுக்காரர் கண்.